ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அணை கட்டாமல், ஓடுகிற ஆற்றின் வேகத்தில் இருந்தே மின்சாரம் எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறுகளின் நீரோட்டத்தை அளந்து ஓய்வுபெற்ற பொறியாளர். ஓய்வுக்குப் பிறகு, லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பருடன் சேர்ந்து நான்கு நீரோட்ட டர்பைன்களைச் செய்து ஆற்றில் இறக்கியிருக்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் நிலத்தின் ஓரமாக ஆறு ஆண்டு முழுவதும் ஓடுகிறது. பார்க்கவே நல்ல வேகம். ஒரு டர்பைனை இறக்கினால் வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் கிடைத்துவிடுமா?

பதில்: "பார்க்கவே நல்ல வேகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எழுதவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

ஆற்றின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் சொன்னேன். பாறைமேல் சலசலத்து நுரைத்து ஓடும் இடம் வேகமாகத் தெரியும். அங்கே ஆழம் முழங்காலுக்குக் கூட வராது, டர்பைனை முக்க முடியாது. சத்தமே இல்லாமல் கரும்பச்சையாக நகர்கிற இடத்தில் ஆழம் இருக்கும், வேகம் இருக்காது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள இடம்: ஆறு குறுகுகிற இடம், வளைவின் வெளிப்புறம், அல்லது கரையில் இருந்து விலகிய நடு ஓட்டம். தரையோடும் கரையோடும் உராய்கிற நீர் மெதுவாகப் போகும். மேற்பரப்புக்கு அருகில் நடுவே போகிற நீர்தான் வேகமானது.

அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கரையோரம் நேராக ஓடுகிற ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து 20 மீட்டர் அளந்து இரண்டு கழிகளை நடுங்கள். ஒரு பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மிதக்க வேண்டும். காலிப் பாட்டில் என்றால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நீங்கள் அளப்பது காற்றாகிவிடும். முதல் கழிக்கு மேலே சற்றுத் தொலைவில் வீசுங்கள். இரண்டு கழிகளையும் அது கடக்கிற நேரத்தைக் குறியுங்கள். பத்து முறை செய்யுங்கள். 20 மீட்டரை 20 விநாடியில் கடந்தால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். மேலிருந்து அடி வரைக்கும் உள்ள சராசரி இதைவிடக் குறைவு. மிதவையால் அளந்த எண்ணை 0.85-ஆல் பெருக்குவது எங்கள் துறையின் நெடுநாள் வழக்கம்.

இந்த 0.85 ஏதோ சிறு திருத்தம் என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் நீரில் உள்ள திறன் வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில், ஏறி இறங்கும். 0.85-இன் மும்மடி 0.61. திருத்தத்தை மறந்தால் கணக்கில் உள்ள மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆற்றில் இல்லாத மின்சாரம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் அதில் உள்ள திறன் 500 வாட். வேகம் பாதியானால் 250 அல்ல, 62 வாட்தான். ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 1,690 வாட், 2 மீட்டரில் 4,000 வாட், 3 மீட்டரில் 13,500 வாட். இவ்வளவும் ஆற்றில் இருப்பது. வீட்டுக்கு வந்து சேர்வது, ஒழுங்காகச் செய்த சிறிய டர்பைனில், நான்கில் ஒரு பங்கு. ஆக, 1 மீட்டர் வேகமுள்ள ஆற்றில் ஒரு சதுர மீட்டர் டர்பைன் (இறக்கைகள் சுற்றிவரும் பரப்பு அவ்வளவு) தருவது சுமார் 125 வாட்.

125 வாட் என்றதும் மனம் தளர வேண்டாம். சூரியத் தகடு இரவில் தூங்கும், ஆறு தூங்காது. 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 3 யூனிட். விளக்குகள், மின்விசிறி, ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை இடையில் ஒரு பேட்டரியை வைத்து அதைக்கொண்டு நடத்தலாம். 2,000 வாட் வெந்நீர்க் கருவியைப் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் அந்த நாளின் மின்சாரம் முடிந்துபோகும். உங்கள் ஆறு அரை மீட்டர் வேகம்தான் காட்டுகிறது என்றால், ஒரு சதுர மீட்டரில் கிடைப்பது 15 வாட். அப்போது தயவுசெய்து அந்தப் பணத்தைச் சூரியத் தகட்டில் போடுங்கள்.

ஒரு நாள் அளந்தால் போதாது. மாதத்துக்கு இருமுறை வீதம் ஓராண்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பதை எங்கள் மேலதிகாரி ஒருவர் வேறு பொருளில் சொல்வார்: ஆற்றில் எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் ஆற்றை அள.

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் மாணவி. ஆற்றில் 500 வாட் இருக்கும்போது 125 வாட் மட்டும் எடுப்பது நம் செய்நேர்த்திக் குறைவா? நல்ல டர்பைன் செய்தால் 100 சதவீதமும் எடுக்க முடியாதா?

பதில்: முடியாது, அதற்குக் காரணம் செய்நேர்த்தி அல்ல. நீரிடம் இருந்து வேகம் முழுவதையும் பறித்துவிட்டால் அந்த நீர் டர்பைனுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். நின்ற நீர் வழியை அடைத்துக்கொண்டால் பின்னால் வருகிற நீர் எங்கே போகும்? டர்பைனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே கொஞ்சம் வேகத்தை நீரிடமே விட்டுவைத்து, அது வெளியேற வழி செய்ய வேண்டும். எவ்வளவு விட்டுவைத்தால் அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், வெளியேறும் வேகம் உள்ளே வந்ததில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்று வருகிறது. அப்போது கிடைப்பது 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். காற்றாலைக்காகப் போட்ட கணக்கு இது. ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் பெயரால் வழங்குகிறது. பிரிட்டனின் லான்செஸ்டரும் ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கியும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். திறந்த ஆற்று நீருக்கும் இதுதான் உச்சவரம்பு.

அதற்குக் கீழேதான் நம் செய்நேர்த்தியின் கணக்கு. இறக்கையின் வடிவத்தில் கொஞ்சம் போகும், பேரிங்கில் கொஞ்சம், பல்சக்கரத்திலோ பெல்ட்டிலோ கொஞ்சம், ஜெனரேட்டரில் நிறைய, கரை வரைக்கும் இழுத்த கம்பியில் கொஞ்சம். 30 சதவீதத்தைக் கரையில் வாங்கினால் உங்களை மனதாரப் பாராட்டுவேன். 50 சதவீதத்துக்கு மேல் தருவதாக ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், எந்த வேகத்தில், எந்தப் பரப்புக்கு என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: முன்னால் ஒரு பெரிய புனல் வைத்தால் நீரின் வேகம் இரட்டிப்பாகும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு என்று நீங்கள்தான் எழுதுகிறீர்கள். ஏன் எல்லோரும் புனல் வைப்பதில்லை?

பதில்: இதே கேள்வியோடு என் நண்பர் தகரத்தை வெட்டி, வாய் இரண்டு மீட்டரும் கழுத்து ஒரு மீட்டரும் உள்ள புனலைச் செய்தார். இரண்டு வாரம் உழைத்தார். ஆற்றில் இறக்கி, டர்பைனைக் கழுத்தில் பொருத்தி, நீரோட்டமானியைப் புனலின் வாயில் பிடித்தேன். வெளியே ஓடிய நீரைவிட வாய்க்குள் நுழைந்த நீர் மெதுவாகப் போனது. மறுபடி அளந்தேன், அதே எண்.

குழாய்க்குள் அடைபட்ட நீருக்கு வேறு வழி இல்லை. குறுகினால் வேகமாகத்தான் போக வேண்டும். ஆற்று நீருக்கு வழி எல்லாப் பக்கமும் திறந்திருக்கிறது. கழுத்தில் நெருக்கடி என்றால் அது வாயைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பயன் தருவது எதிர்ப்புறம்: டர்பைனுக்குப் பின்னால் மெல்ல விரிகிற கூடு. அது பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக் கூடுதல் நீரை உள்ளே இழுக்கும். ஆனால் அந்தக் கூட்டின் அகலத்துக்கே ஒரு பெரிய டர்பைனைச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய டர்பைனே எளிது. கூடு என்றால் எடை, இழுப்பு, செத்தை சிக்க இன்னோர் இடம்.

கேள்வி: எங்களிடம் ஆறும் உண்டு, மேட்டில் இருந்து இரண்டு மீட்டர் இறங்கி அதில் கலக்கும் ஓர் ஓடையும் உண்டு. ஓடை மிகச் சிறியது, விநாடிக்கு 20 லிட்டர்தான் வரும். ஆற்றில்தானே டர்பைன் வைக்க வேண்டும்?

பதில்: ஓடையில் வையுங்கள்! இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 20 லிட்டர் நீர் 2 மீட்டர் இறங்கும்போது அதில் உள்ள திறன் சுமார் 390 வாட். பாதியைப் பிடித்தாலும் 195 வாட். ஆற்றில் 1 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் டர்பைனுக்குள் நுழைகிற நீர் விநாடிக்கு 1,000 லிட்டர். அதில் இருந்து நாம் பிழிந்தெடுப்பது 125 வாட். ஐம்பதில் ஒரு பங்கு நீர், ஆனால் ஒன்றரை மடங்கு மின்சாரம்.

விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்பது நீர் வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் பெறுகிற வேகம். 2 மீட்டர் வேகத்துக்கு 20 சென்டிமீட்டர் போதும். ஆறு எவ்வளவு அகலமாக, எவ்வளவு கம்பீரமாக நகர்ந்தாலும் அதன் ஓட்டத்தில் உள்ளது அந்த ஒரு சாண் உயரம்தான். 1759-இல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து இதையே காட்டினார்: நீர் அடியில் மோதித் தள்ளுகிற சக்கரம் நீரின் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, மேலிருந்து நீர் விழுந்து நிரம்புகிற சக்கரம் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. மோதலில் நீர் சிதறித் தன் ஆற்றலை வீணாக்கும். எடையாக இறங்கும்போது அப்படி வீணாகாது.

ஓடையில் கோடையில் எவ்வளவு வருகிறது என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். நீரை எடுக்க அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கீழே அந்த ஓடையை நம்பி வேறு யாராவது இருக்கலாம். ஆற்றோட்ட டர்பைன் என்பது உயரம் கிடைக்காதவர்களுக்கு உரிய வழி. உயரம் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போகக் கூடாது.

கேள்வி: பத்து டர்பைன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தால் பத்து மடங்கு கிடைக்குமா?

பதில்: ஒன்றை ஒட்டி ஒன்று வைத்தால் கிடைக்காது. முதலாவது டர்பைன் வேகத்தைக் குறைத்து, கலங்கிய நீரைத்தான் இரண்டாவதுக்கு அனுப்பும். சுற்றியுள்ள நீர் கலந்து பழைய வேகம் திரும்ப, விட்டத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தொலைவு வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ளவை என்றால் 15, 20 மீட்டர் இடைவெளி விடுங்கள். அல்லது பக்கவாட்டில் வையுங்கள்.

கேள்வி: பழைய காரில் இருந்து எடுத்த ஆல்டர்னேட்டர் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஒரு மீட்டர் விட்டமுள்ள விசிறி வகை டர்பைன், 1 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 75 சுற்று அளவில்தான் சுற்றும். பீப்பாயை இரண்டாகப் பிளந்து செய்கிற சவோனியஸ் வகை என்றால் 20 சுற்று கூடச் சுற்றாது. கார் ஆல்டர்னேட்டர் உருப்படியாக மின்சாரம் தர 1,000 சுற்றுக்கு மேல் வேண்டும். தன் காந்தத்தை உயிர்ப்பிக்கவே அது பேட்டரியில் இருந்து மின்சாரம் குடிக்கும். பல்சக்கரம் வைத்துப் பதினைந்து மடங்கு ஏற்றலாம், அந்தப் பல்சக்கரமே கிடைத்ததில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிலைக்காந்தம் வைத்த, குறைந்த சுற்றிலேயே வேலை செய்கிற ஜெனரேட்டரைத் தேடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பேட்டரி நிரம்பியதும் கம்பியைத் துண்டித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சூரியத் தகட்டைத் துண்டித்தால் அது சும்மா இருக்கும். டர்பைனைத் துண்டித்தால் சுமை இல்லாமல் வெறிபிடித்ததுபோல் சுற்றும். மின்னழுத்தம் ஏறும், பேரிங் போகும். மிஞ்சுகிற மின்சாரத்தைத் தண்ணீர் சூடாக்கும் ஒரு சுருளுக்குத் திருப்பிவிடுகிற கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எனக்கு மின்சாரத்தைவிடப் பாசனத்துக்குத் தண்ணீர்தான் முக்கியம். ஆற்றைவிட வயல் 5 மீட்டர் மேட்டில் இருக்கிறது. டர்பைன், ஜெனரேட்டர், மோட்டார், பம்ப் என்று எல்லாம் சேர்த்து எவ்வளவு பெரியதாகச் செய்ய வேண்டும்?

பதில்: ஜெனரேட்டரையும் மோட்டாரையும் எடுத்துவிடுங்கள். சுழற்சியை மின்சாரமாக்கி, அதை மறுபடியும் சுழற்சியாக்குவது எதற்கு? இரண்டு இடத்திலும் இழப்பு. டர்பைன் தண்டில் இருந்து பெல்ட் போட்டு நேரே பம்பைச் சுற்றுங்கள்.

இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் வெள்ளை நைல் ஆற்றில், ஜூபா நகரத்தின் அருகே, பீட்டர் கார்மன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் ஒரு டர்பைன் இயங்கியது. மிதவை ஒன்றைக் கரையில் இருந்து கம்பிக் கயிற்றால் கட்டி ஓட்டத்தில் நிறுத்தினார்கள். மிதவையில் இருந்து சாய்வாக நீருக்குள் இறங்கும் தண்டின் நுனியில் சுழலும் இறக்கைகள், மேல்நுனியில் பம்ப். எண்ணெயும் வேண்டாம், மின்கம்பமும் வேண்டாம், கரையோரத் தோட்டங்களுக்கு இரவு பகலாக நீர் ஏறியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே சிரியாவின் ஹமா நகரில் ஒரோண்டஸ் ஆற்றின் பிரம்மாண்டமான மரச்சக்கரங்கள் ஆற்றின் ஓட்டத்தாலேயே சுற்றி, ஆற்றின் நீரையே மேலே தூக்கி வாய்க்காலில் ஊற்றியிருக்கின்றன.

உங்கள் அளவுக்கு வருவோம். 1 மீட்டர் வேகம், ஒரு சதுர மீட்டர் டர்பைன். தண்டில் 150 வாட் கிடைக்கிறது, பம்ப் பாதியை வீணாக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், 5 மீட்டர் மேட்டுக்கு விநாடிக்கு ஒன்றரை லிட்டர் ஏறும். துளிபோலத் தோன்றும். ஒரு நாள் முழுவதும் ஏறினால் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். மேட்டில் ஒரு தொட்டி கட்டிவிட்டால் போதும்.

கேள்வி: வெள்ளம் வந்தால் டர்பைன் என்ன ஆகும்? ஆற்றில் மரமும் குப்பையும் மிதந்து வருமே?

பதில்: இந்தக் கேள்வியை முதல் கேள்வியாகவே வைத்திருக்க வேண்டும்.

எங்கள் முதல் டர்பைனை வேனில் மாதங்களில் அளந்து, வேனில் மாதங்களின் வேகத்துக்கே செய்தோம். 1.4 மீட்டர், அழகான வேகம். இரண்டு மிதவைகளுக்கு நடுவே டர்பைன். கரையில் நின்ற ஒரு பெரிய மரத்தில் கம்பிக் கயிறு. மூன்றாம் மாதம் மேலே எங்கோ மழை. இரவில் ஒரு மரத்தடி மிதந்து வந்து இரண்டு மிதவைகளுக்கும் இடையே செருகிக்கொண்டது. அதன்மேல் செத்தை சேர்ந்தது, சேரச் சேர இழுப்பு ஏறியது. விடியற்காலை போய்ப் பார்த்தபோது டர்பைன் இல்லை, மிதவை இல்லை, மரமும் இல்லை. கயிறு அறவில்லை. கரையோடு சேர்த்து மரத்தைப் பெயர்த்துக்கொண்டு ஆறு போய்விட்டது. அந்தக் கரையில் பழைய வெள்ளத்தின் தடம் என் தலைக்கு மேலே தெளிவாக இருந்தது. வெள்ளத் தடத்தைப் படிப்பது என் தொழில். நான் படிக்காமல் விட்டேன். டர்பைனை மறுபடியும் செய்துவிட்டோம். அந்த மரத்தை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

ஒரு சதுர மீட்டர் டர்பைன் 2 மீட்டர் வேகத்தில் கயிற்றை இழுக்கிற விசை, சுமார் 170 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வெள்ளத்தில் வேகம் 4 மீட்டரானால் விசை நான்கு மடங்கு, 700 கிலோவை நெருங்கும். இதில் செத்தையின் இழுப்பு சேரவில்லை. பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் (பெயர்தான் ஆறு, உண்மையில் கடலின் ஓதம் ஏறி இறங்கும் நீரிணை) 2006-இல் இறக்கிய டர்பைன்களின் இறக்கைகள் ஓட்டத்தின் வேகம் தாங்காமல் முறிந்தன. இறக்கைகளை மாற்றிச் செய்து, பல ஆண்டுகள் சோதித்து, 2012-இல்தான் அந்தத் திட்டம் உரிமம் பெற்றது.

மிதந்து வருகிற பொருள்களின் தொல்லை இந்தத் தொழில் அளவுக்கே பழையது. கி.பி. 537-இல் கோத்தியர்கள் ரோம் நகரை முற்றுகையிட்டு, நகருக்கு நீர் வந்த கால்வாய்களை அறுத்தார்கள். மாவரைக்கும் ஆலைகள் நின்றன. நகரைக் காத்து நின்ற தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் இரண்டிரண்டு படகுகளை அருகருகே கட்டி, நடுவே நீர்ச்சக்கரம் வைத்து, ஆற்றின் ஓட்டத்தால் மாவரைத்தார். எதிரிகள் மேலே இருந்து மரங்களையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலிகளைக் கட்டி, வந்ததை எல்லாம் தடுத்து அள்ளச் செய்தார்.

நீங்களும் டர்பைனுக்கு மேலே ஒரு தடுப்பை வைக்க வேண்டும். ஓட்டத்தை நேராக மறிக்கிற வலை வேண்டாம். அது ஒரே நாளில் அடைத்துக்கொண்டு தானே ஒரு அணையாகிவிடும். படகின் மூக்குபோல் கூராக, இரு பக்கமும் சாய்ந்த கம்பிகளாக இருந்தால் வருகிற செத்தை வழுக்கி ஒதுங்கும். ஆகாயத்தாமரை வருகிற ஆறு என்றால் தினமும் போய்க் கையால் எடுக்கவும் தயாராக இருங்கள். டர்பைன் தண்டில் ஓர் ஆணியை வேண்டுமென்றே பலவீனமாக வையுங்கள்; ஏதாவது சிக்கினால் ஆணி உடையட்டும், இறக்கை தப்பும். கரையில் கயிற்றை மரத்தில் கட்டாதீர்கள், கான்கிரீட்டில் ஊன்றுங்கள். வெள்ளம் வருகிறது என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள், யாரும் நீரில் இறங்காமல், கரையில் இருந்தபடியே இழுத்துக்கொள்ள முடியாத இயந்திரத்தை ஆற்றில் இறக்கவே இறக்காதீர்கள். மூன்றாவது டர்பைனை மீட்கப் போன ஒரு தம்பி இறுகிய கயிற்றுக்கும் மிதவைக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கை எலும்பு முறிந்ததோடு தப்பினார். அதன் பிறகுதான் கரையில் சுழற்றி இழுக்கிற வின்ச் வைத்தோம்.

கேள்வி: மீன்கள் அடிபடாதா?

பதில்: இப்படிக் கேட்டதற்கு நன்றி. திறந்த ஆற்றில் மெதுவாகச் சுற்றும் டர்பைனை மீன் பார்த்து ஒதுங்க இடம் இருக்கிறது. அணையின் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது, பார்க்க வேண்டும். அலாஸ்காவில் இகியுகிக் என்ற சிற்றூர் டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்தது. எரிபொருள் தொலைவில் இருந்து வர வேண்டும். ஊரை ஒட்டி ஓடும் க்விசாக் ஆற்றில் 2014, 2015-இல் ஒரு டர்பைனைச் சோதித்து, 2019-இல் மறுபடி நிறுவினார்கள். அது சாக்கி சால்மன் மீன்கள் பெருந்திரளாக ஏறிவரும் ஆறு. ஊரே அந்த மீனை நம்பியிருக்கிறது. ஆகவே நீருக்கடியில் கேமரா வைத்து மீன்கள் டர்பைனின் அருகில் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் வியந்தது இன்னொன்று. க்விசாக், இலியாம்னா என்ற பெரிய ஏரியில் இருந்து புறப்படுகிற ஆறு. ஊர் அந்த வாயிலேயே இருக்கிறது. ஏரி வெள்ளத்தை வாங்கிச் சமன்செய்து அனுப்பும். சேறும் பெரும்பாலும் ஏரியிலேயே படிந்துவிடும். டர்பைனுக்கு அதைவிட நல்ல இடம் அமைவது கடினம். குளிர்காலத்தில் நீரோடு வரும் பனித்துகள்கள்தான் அங்கே பெரும் பாடு.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆற்றின் வேகத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டால் ஆறு நின்றுவிடுமா பாட்டி?

பதில்: ஆறு வேகத்தை எங்கிருந்து பெறுகிறது தெரியுமா கண்ணே? சரிவில் இறங்குவதால். விநாடிக்கு 50 கன மீட்டர் நீர் ஓடுகிற ஓர் ஆறு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள். அந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும் 490 கிலோவாட் அளவு ஆற்றல் தரையோடு உராய்ந்தும் சுழிகளாகச் சுற்றியும் யாருக்கும் தெரியாமல் வெப்பமாகக் கரைகிறது. என் டர்பைன் அதில் கால் கிலோவாட் எடுக்கும். சற்றுத் தூரம் போனால் சரிவு மறுபடி அதே வேகத்தைக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு குறுகிய வாய்க்காலை முழுவதும் அடைத்துக்கொண்டு டர்பைன்களை வைத்தால், நீ பயப்படுவதுபோல் நீர் தயங்கும். மேலே மட்டம் ஏறும், கரை தாழ்ந்த இடத்தில் வழியும். அப்படி வைத்தால் அதைத் தடுப்பணையாகத்தான் எண்ண வேண்டும்.

உன் ஊர்ப்பக்கம் ஆறு இருந்தால் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. நீரில் இறங்காதே, கரையிலேயே நில். முதல் பதிலில் சொன்ன பாட்டிலை, மறுபடி எடுக்க நூல் கட்டி, நூலைத் தளர்வாக விட்டு வீசு. பத்து முறை எடுத்த நேரங்களையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. சராசரி மட்டும் போதாது, பத்தும் வேண்டும்.